கணக்கில் சேரும் நாட்கள்

வினிபெக்,
22 ஜனவரி 2018

அன்புள்ள டெலியோ,

நானும் நம் மகள் ஜெஸ்லினும் நலம். நேற்று குழந்தை இயேசு திருநாள் பூசையில் உன் பெயரைச் சொல்லி ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். நீ அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

வாரா வாரம் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் முகம் உறைந்து உறைந்து வருகிறது. நான் ஒன்று கேட்டால் நீ சிரித்தபடியே நிற்கிறாய். அது உன் சிரிப்பா, சிக்னல் நின்றுபோனதா என்று எனக்குத் தெரிவதில்லை. அதனால் எழுதுகிறேன். உங்கள் லுசாகா ஆபீசுக்கு அனுப்பினால் லாரிக்காரர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்று முன்பு நீதான் சொல்லியிருக்கிறாய்.

இந்த வருடக் குளிர் பொல்லாதது. இன்ஜின் உறையாமலிருக்கக் காரை ராத்திரி முழுக்கக் கரண்ட் பிளக்கில் போட்டு வைத்தும் காலையில் கிளம்ப மாட்டேன் என்கிறது. எங்கள் முதியோர் இல்லத்தில் பாதிப் பேருக்குச் சளிக் காய்ச்சல். உதவியாளர்களில் பாதிப் பேருக்கும் அதேதான். கூடப்பிறந்த அக்காபோலக் கொன்சிங் மனாங்தான் தன் காரில் என்னை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போகிறாள். ஓய்வு பெறும் வயது தாண்டியும் வேலைக்கு வருகிறாள். ஏன் மனாங் என்று கேட்டால், "வீட்டுல உக்காந்தா நான் டிவி பாக்கறதில்லடி, டிவிதான் என்னைப் பாக்குது" என்கிறாள்.

ஜெஸ்லின் நர்சிங் இரண்டாம் வருடத்தில் எலும்பு, நரம்புப் பரீட்சை எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். மாலையில் டோனட் கடையில் வேலை. மிச்சமானதையெல்லாம் பெட்டியில் போட்டுக் கொண்டுவருகிறாள். என் சீருடை இடுப்பில் பிடிக்கிறது.

அக்டோபரில் நானும் அவளும் குடியுரிமை உறுதிமொழி எடுத்ததைச் சொன்னேன். ஒன்றைச் சொல்லவில்லை. மூன்று பேரும் ஒன்றாக எடுக்கலாம் என்று எத்தனை வருடம் தள்ளிப்போட்டேன் என்பது உனக்குத் தெரியும். நீ இங்கே இல்லாததால் உன்னால் விண்ணப்பிக்க முடியவில்லை. கடைசியில் நாங்கள் மட்டும் போனோம். மண்டபத்தில் என் பக்கத்து நாற்காலியில் கோட்டை வைத்திருந்தேன். ஒரு அம்மாள் வந்து உட்காரலாமா என்று கேட்டாள். ஆள் வருகிறார் என்று சொல்லிவிட்டேன். நீதிபதி பேச ஆரம்பித்ததும் வெட்கமாகப் போய், கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

இனி எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் சூப்பர் மார்க்கெட்டில் தொழிற்சாலையில் உன் ஃபோர்மேனாக இருந்த டூயக்கைப் பார்த்தேன். ஓய்வு பெற்றுவிட்டார். உறைய வைத்த பெரோகிக் கொழுக்கட்டைப் பாக்கெட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சந்தோஷம். "பெர்லிதா! டெலியோ எப்படி இருக்காரு? அந்தப் புதுக் கம்பெனிக்காரங்க நல்லா வெச்சிருக்காங்களா?" என்று கேட்டார்.

எந்தப் புதுக் கம்பெனி என்று நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று தெரியவில்லை. "ரொம்ப நல்லா வெச்சிருக்காங்க" என்றேன். புருஷனைப் பற்றி ஊராருக்குத் தெரிந்தது தனக்குத் தெரியாது என்று காட்டிக்கொள்ள எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்? அவர் பாட்டுக்குப் பேசினார். "நம்ம கம்பெனி ஆப்பிரிக்கா வேலையை வித்துட்டு ஓடி வந்தாங்க பாருங்க, அன்னிக்கே எனக்கு மனசு விட்டுப்போச்சு. டெலியோ திரும்பி வந்திருந்தா ஃபேக்டரில பெயிண்ட் அடிக்கிற லைன்லதான் போட்டிருப்பாங்க. அந்த மனுஷனுக்கு அது தகுமா? அங்கேயே கையெழுத்துப் போட்டது நல்லதுதான்." நானும் தலையை ஆட்டினேன். எப்போது என்று மட்டும் சுற்றி வளைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டரை வருடம் ஆயிற்றாம். ஜெஸ்லின் பள்ளிப் படிப்பு முடித்த கோடை.

வீட்டுக்கு வந்து வாங்கின சாமான்களை எடுத்து வைத்தேன். ஐஸ்கிரீமை அலமாரியில் வைத்திருக்கிறேன், ஜெஸ்லின்தான் கண்டுபிடித்தாள்.

டெலியோ, சம்பளம் ஒழுங்காக வருகிறது. உனக்கு வேறு பெண்ணும் இல்லை, குடியும் இல்லை என்று எனக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று இதுவரை நினைத்திருந்தேன். அதனால் முதலில் உன்னிடம் கோபப்படாமல், இதனால் உன் நிரந்தரவாசி கார்டுக்கு என்ன ஆகும் என்று விசாரிக்கப் போனேன். சனிக்கிழமைகளில் நம் கோயில் ஹாலில் இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்ல ஒரு பெண் வருகிறாள். ஃப்ரீசன் என்று பெயர். ஜெஸ்லினைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். பனி பூட்ஸைக் கழற்றாமல் உட்கார்ந்து, நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

அவள் சொன்னது இதுதான். "கார்டு முக்கியமில்லை மிஸஸ் பால்மாரெஸ், நாள்தான் முக்கியம். என்னிக்குக் கேக்குறாங்களோ அன்னிக்கு நின்னு அஞ்சு வருஷம் பின்னால திரும்பிப் பாப்பாங்க. அதுல ரெண்டு வருஷம் இங்க இருந்திருக்கணும். கனடா கம்பெனி அவரை அனுப்பிவெச்சு, திரும்பி வந்தா வேலைன்னும் வெச்சிருந்தா, அங்க இருந்த நாளும் இங்க இருந்த மாதிரி. ஆனா அங்கேயே வேற கம்பெனில சேர்ந்துட்டாரு இல்லையா, அதுக்கப்புறம் எல்லாம் வெறும் வெளிநாட்டு நாள்."

பழைய நல்ல நாட்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் உதிர்ந்துகொண்டிருக்கின்றனவாம். வரும் கோடை தாண்டினால் உன் கணக்கு இரண்டு வருடத்துக்குக் கீழே போய்விடும். அதற்குப் பிறகு விமான நிலையத்தில் ஒரு அதிகாரி கேள்வி கேட்டால், நீ நிரந்தரவாசி இல்லை என்று அவர் எழுதிவிடலாம். மேல்முறையீடு செய்யலாம், பிழைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றாள்.

என்ன வழி என்று கேட்டேன். "கோடைக்குள்ள வந்து இங்கேயே இருந்துட்டாருன்னா ஒரு பிரச்சினையும் இல்ல" என்றாள். பிறகு பேனாவால் கன்னத்தைத் தட்டிக்கொண்டே, "நீங்க இப்போ குடிமகள்தானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "குடியுரிமை உள்ள மனைவியோட சேர்ந்து வெளிநாட்டுல குடியிருந்தா, அந்த நாளும் கணக்குல சேரும். நீங்க அங்க போய் அவரோட இருந்தீங்கன்னா போதும். சில அதிகாரிங்க யார் யாரோட போனாங்கன்னு துருவுவாங்க. பெரும்பாலும் ஒரே வீட்டுல குடித்தனம் நடக்குதான்னுதான் பாப்பாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். திரும்பி வரும்போது காரில் கொன்சிங் மனாங்கிடம் சொன்னேன். அவள் சிவப்பு விளக்கில் நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "உன் புருஷனை இந்த நாட்டுல வெச்சுக்கறதுக்கு நீ இந்த நாட்டை விட்டுப் போகணுமா? இந்தச் சட்டத்தை எழுதினவனுக்குக் கல்யாணமே ஆயிருக்காதுடி" என்றாள். பச்சை விழுந்தும் அவள் நகரவில்லை. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான்.

ஜெஸ்லினிடமும் மறைக்கவில்லை. மறைப்பது நம் வீட்டில் ஒருவர் செய்தால் போதும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், "நீ கார்டுக்காகப் போவியா, அப்பாவுக்காகப் போவியா?" என்று கேட்டாள். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். வருகிறேன் என்றோ வராதே என்றோ இப்போது எழுதாதே. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்பதை மட்டும் எழுது. நல்ல பதில் யோசிக்க வேண்டாம். உண்மையான பதில் போதும். நீ என்ன எழுதினாலும் படிக்க நான் இங்கே இருக்கிறேன்.

அன்புடன்,
பெர்லிதா

---

ம்குஷி,
24 பிப்ரவரி 2018

அன்புள்ள பெர்லிதாவுக்கு,

உன் கடிதம் சிமெண்ட் லாரியில் வந்தது. உறை நனைந்திருந்தாலும் உள்ளே எழுத்து அழியவில்லை. நான் நலம். மழை நன்றாகப் பெய்கிறது. சோளம் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. மே மாதம் அறுவடைத் தானிய வரத்து ஆரம்பித்தால் லாரிகள் ரோடு வரைக்கும் வரிசை கட்டும்.

எனக்குக் கடிதம் எழுத வராது. நீ கேட்டதற்கு வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

அந்தக் கோடையில் வினிபெக்கிலிருந்து ஒரு மேனேஜர் வந்தார். எங்களை லுசாகாவில் ஒரு ஓட்டலுக்குக் கூப்பிட்டு, ஜாம்பியா வேலையை இங்கேயுள்ள பார்ட்னருக்கே விற்றுவிட்டோம் என்றார். எனக்கு இரண்டு வழி சொன்னார். திரும்பி வந்தால் பெயிண்ட் லைனில் இடம் இருக்கிறது. இல்லையென்றால் பார்ட்னரிடம் கையெழுத்துப் போட்டு இதே வேலையில் இருக்கலாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் சொல்லச் சொன்னார். நான் கையெழுத்துப் போட்டேன். கார்டைப் பற்றி அப்போது எனக்கு நினைவு வந்தது. வந்தும் போட்டேன்.

அன்று மாலை உனக்குப் போன் செய்தேன். ஜெஸ்லினுக்குப் பட்டமளிப்புக்கு எடுத்த நீல உடையைக் காட்டினாய். இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்துக்கொண்டிருந்தீர்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் உனக்கு டபுள் ஷிஃப்ட். அப்படியே ஒவ்வொரு நாளும் மறுநாளாகிவிட்டது. நாள் ஆக ஆகச் சொல்வது கஷ்டமானது. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது விமானத்திலேயே வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டு வந்தேன். வாசலில் உன்னைப் பார்த்ததும் அவை போய்விட்டன.

ஏன் என்று கேட்டாய். நம் ஊர் இலோயிலோவில் நான் இன்ஜினியருக்குப் படித்தவன் என்பது உனக்குத் தெரியும். வினிபெக்கில் அது யாருக்கும் தெரிய வேண்டியிருக்கவில்லை. ஒரு போல்ட்டை எப்படி முறுக்குவது என்று இருபத்திரண்டு வயதுப் பையன் எனக்கு வார்த்தை வார்த்தையாக நிறுத்திச் சொல்லுவான், குழந்தைக்குச் சொல்வதுபோல. நான் இங்கிலீஷில் ஏதாவது கேட்டால் இரண்டு பேர் சிரிப்பார்கள். கெட்டவர்கள் இல்லை. ஆனாலும் நாளுக்கு நாள் நான் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். வீட்டிலும் குறைந்துவிட்டது. நீ கவனித்திருப்பாய்.

இங்கே தானியம் கொட்டி வைக்கும் மூன்று சைலோ என் பொறுப்பில் நிற்கிறது. காலையில் நான் போனால் எழுந்து குட்மார்னிங் சொல்கிறார்கள். இதை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது, பெரிய ஆசை ஒன்றும் இல்லை, அதுதான். அதை விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. உன்னிடம் சொன்னால் நீ வா என்பாய், நான் வரவேண்டியிருக்கும். அதனால் சொல்லவில்லை.

எடை மேடையைப் பார்த்துக்கொள்ளும் மிஸஸ் முவேவா என்று ஒரு அம்மாள் இருக்கிறாள். இங்கே என்னை எல்லோரும் பாஷி-ஜெஸ்லின் என்று கூப்பிடுகிறார்கள், ஜெஸ்லினுடைய அப்பா என்று அர்த்தம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது அவள் வந்து, "என்ன பாஷி-ஜெஸ்லின், வீட்டம்மா திட்டி எழுதியிருக்காங்களா?" என்று கேட்டாள். திட்டவில்லை என்றேன். "அப்ப நிலைமை மோசம்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நான் யோசித்து முடிவு செய்துவிட்டேன். ஜூன் கடைசியில் வந்துவிடுகிறேன். பெயிண்ட் லைனில் இடம் இருக்கிறதா என்று டூயக்கிடம் கேட்டுவை. இல்லையென்றால் வேறு எங்காவது பார்த்துக்கொள்ளலாம். நீ இங்கே வர வேண்டாம். கரண்ட் போய்ப் போய் வரும். வீடு சின்னது. உனக்கு ஒத்துவராது. ஒன்பது வருடமாகச் சேர்த்த வேலையையும் பெயரையும் எனக்காக விட வேண்டாம்.

ஜெஸ்லினுக்கு என் முத்தங்கள். தவறு என்னுடையது. மன்னித்துக்கொள்.

உன்,
ரொடேலியோ

---

ம்குஷி,
17 ஜூன் 2018

என் செல்ல மகளே, இண்டாய்,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். நீயும் கொன்சிங் மனாங்கும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இன்று அங்கே தந்தையர் தினம். உன் குரல் கேட்டதும் உன் அப்பா வெளியே போய் நின்றுகொண்டார். லைன் கட்டாகிவிட்டது என்று நீ நினைத்தாயே, கட்டாகவில்லை. அவருக்குக் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது.

போனில் நீ, "எப்படிம்மா இருக்கு, சண்டையா சமாதானமா?" என்று கேட்டாய். அப்பா பக்கத்தில் இருந்ததால் சாப்பாட்டைப் பற்றிப் பேசிவிட்டேன். இப்போது அவர் சைலோவுக்குப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையானாலும் வரத்துக் காலத்தில் லீவு கிடையாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீ பெரியவள், எல்லாவற்றையும் உன்னிடம் சொல்லியே பழகிவிட்டேன்.

அவர் கடிதத்தைப் படித்துவிட்டு நீயே சொன்னாய், "அப்பா வரேன்னு எழுதியிருக்காரு, ஆனா ஜெயிலுக்கு வர்ற மாதிரி எழுதியிருக்காரு" என்று. அந்த வார்த்தை என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. வந்து பெயிண்ட் லைனில் நிற்பார், வாய் திறக்க மாட்டார், கார்டு பத்திரமாக இருக்கும். அந்த மனிதரோடு நான் என்ன செய்வேன்? அதனால்தான் ஒரு வருடச் சம்பளமில்லா லீவு கேட்டேன். சூப்பர்வைசர் எங்கே போகிறாய் என்றார். புருஷன் வீட்டுக்கு என்றேன். இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்பதுபோல் பார்த்தார்.

லுசாகா விமான நிலையத்தில் அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். கட்டிப்பிடிப்பதா, பெட்டியை வாங்குவதா என்று தெரியாமல் பெட்டியை வாங்கினார். நாலு மணி நேரம் பிக்கப்பில் வந்தோம். ரோட்டோரத்தில் விற்ற தக்காளியைப் பற்றியும் டீசல் விலையைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தார். நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தேன். முன்பின் தெரியாத ஆளோடு போகிற மாதிரி இருந்தது.

வீட்டு வாசலில் மிஸஸ் முவேவா காத்துக்கொண்டிருந்தாள். நல்ல உயரம், நல்ல குரல். பனா என்றால் அம்மாவாம். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "பனா-ஜெஸ்லின், வந்துட்டீங்களா! இந்த மனுஷன் ஒரு வாரமா சைலோ பக்கமே வரல. சமையலறைக்குப் பெயிண்ட் அடிச்சுக்கிட்டு இருந்தாரு. பாருங்க, காதுல இன்னும் வெள்ளையா இருக்கு" என்றாள். அப்பா காதைத் தடவினார். பெயிண்ட் லைனுக்குப் பயந்து ஓடிய மனிதர் வீட்டிலேயே பெயிண்ட் லைன் திறந்திருக்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் சிரிக்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது. அவரும் சிரித்தார். வந்த பிறகு அதுதான் முதல் நல்ல நிமிஷம்.

ஆனால் இரண்டு மூன்று நாளிலேயே சண்டை வந்துவிட்டது. ஃப்ரீசன் சொன்னதாக நான் எழுதியிருந்ததை அவர் அப்படியே பிடித்துக்கொண்டார். கரண்ட் பில்லில் என் பெயரைச் சேர்க்க வேண்டும் என்றார். வாசலில் இருவரும் நிற்கிற மாதிரி ஒரு போட்டோ, சாப்பிடுகிற மாதிரி ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்றார். கோயில் சாமியாரிடம் சான்று வாங்கலாம் என்றார். நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கையைக் கழுவாமலே போய் நின்று, "நான் இங்க ஆதாரமா வந்தேனா, ஆளா வந்தேனா?" என்று கேட்டேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வினிபெக்கில் போவாரே, அதே போக்கு. உனக்குத் தெரியும்.

மத்தியானம் வரைக்கும் பொறுத்தேன். பிறகு அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு நடந்தேன். ரோடு வரை லாரிகள், டிராக்டர்கள், மாட்டு வண்டிகள். எடை மேடை அருகே ஒரு அம்மாள் கத்திக்கொண்டிருந்தாள். அவள் சோளத்தில் ஈரம் அதிகம் என்று ஏற்க மறுத்துவிட்டார்களாம். ரெண்டு நாள் வரிசையில் நின்றேன், இப்போது திரும்பிப் போ என்கிறீர்களா என்று கேட்கிறாள். உன் அப்பா அவள் எதிரில் நின்று அவர்கள் பாஷையில் பேசினார். பேசினார் என்றால், அந்தப் பாஷையை அடித்து நொறுக்கினார். நான்கு வார்த்தை பேசுவதற்குள் சுற்றி நின்ற டிரைவர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கத்திய அம்மாளும் வாயைப் பொத்திக்கொண்டாள். சோளத்தைக் காய வை என்பதற்கு வேறு எதையோ, சொல்லக் கூடாததை, சொல்லிவிட்டாராம். தன் இங்கிலீஷைக் கேட்டு யாராவது சிரித்தால் வீட்டுக்கு வந்து மூன்று நாள் பேசாத மனிதர் அல்லவா?

அவரும் சிரித்தார், இண்டாய். தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு கையைத் தட்டி இரண்டு பேரைக் கூப்பிட்டு, வேலியோரம் தார்ப்பாய் விரித்து அந்த அம்மாளின் சோளத்தைக் காய வைக்கச் சொன்னார். அவள் இடம் வரிசையில் அப்படியே இருக்கட்டும் என்றார். ஒரு டிரைவர் முணுமுணுத்தான். அவனைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். நான் சாப்பாட்டுத் தூக்கோடு லாரிக்குப் பின்னாலேயே நின்றேன். இந்த மனிதரைத்தான் இலோயிலோவில் படகுத்துறையில் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டேன். வினிபெக்கில் எந்த வருடம் அவர் தொலைந்தார் என்று எனக்கு ஞாபகமில்லை. அங்கே நானும் கால் வலியும் ஷிஃப்டுமாக இருந்தேன், தேடவும் இல்லை.

மிஸஸ் முவேவா என்னைப் பார்த்துவிட்டாள். எடை மேடையில் இருந்தபடியே, "பாஷி-ஜெஸ்லின், உங்க ஆதாரம் சோறு கொண்டுவந்திருக்கு!" என்று கூவினாள். எங்கள் வீட்டுச் சண்டை மேடைவரை கேட்டிருக்கிறது. இங்கே சுவர்கள் மெல்லிசு.

அன்று சாயங்காலம் இருவரும் வாசல் படியில் உட்கார்ந்திருந்தோம். இங்கே இப்போது குளிர்காலமாம். எல்லோரும் கம்பளிக் கோட்டில் திரிகிறார்கள். நான் அரைக்கைச் சட்டையில் இருப்பதைப் பார்க்கக் குழந்தைகள் கூடுகிறார்கள். அப்பா வெகுநேரம் தரையைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு, "கார்டு போனாப் போகட்டும், பெர்லிதா. பில்லுல பேரும் வேண்டாம், போட்டோவும் வேண்டாம். நீ இருக்கியா?" என்று கேட்டார். என்னைப் பார்க்காமல்தான் கேட்டார். ஆனால் கேட்டார்.

நான், "கார்டு ஏன் போகணும்? அதுக்காகப் பனியில எவ்வளவு அலைஞ்சிருக்கேன்" என்றேன். முகம் விழுந்துவிட்டது அவருக்கு. "இருக்கேன்யா. ரெண்டும்தான்" என்றேன். ஃப்ரீசனுக்கு மெயில் போட்டு, சண்டை போட்டுக்கொண்ட நாட்களும் சேருமா என்று கேட்டேன். ஒரே கூரையின் கீழ் போட்டிருந்தால் சேரும் என்று பதில் எழுதியிருக்கிறாள். நல்ல பெண்.

நீ அன்று ஒரு கேள்வி கேட்டாய், நான் பாத்திரம் கழுவப் போனேன். கார்டுக்காகவா அப்பாவுக்காகவா என்றால், புறப்படும்போது எனக்கே தெரியாது. இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. யார் யாரோடு போனது என்று எந்த அதிகாரியாவது கேட்டால், நாங்கள் மாறி மாறிப் போயிருக்கிறோம் என்றுதான் என்னால் சொல்ல முடியும். முதலில் என்னோடு அவர் குளிருக்கு வந்தார். அதை நான் எங்கும் கணக்கில் வைக்கவில்லை.

எங்கள் திட்டம் இதுதான். அடுத்த வருட வரத்து ஆரம்பிக்கும்வரை இங்கே. என் லீவு முடியும்போது இருவரும் சேர்ந்து வருகிறோம். அவருக்கு அங்கே என்ன வேலை என்று தெரியவில்லை. தானியக் கிடங்குகளைச் சோதிக்கும் வேலைக்கு நம் மானிடோபாவில் பரீட்சை உண்டாம். அதற்குப் படிக்கிறேன் என்கிறார். கிடைக்காவிட்டால் பெயிண்ட் லைன். "அங்கயும் யாராவது சிரிச்சா நானும் சேர்ந்து சிரிச்சுப் பாக்கறேன்" என்கிறார். முடியுமா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீ அவரிடம் இதைக் கேட்டுவிடாதே.

மனாங் நம் வீட்டுக்கே குடிவந்தது எனக்குப் பெரிய நிம்மதி. அவள் டிவி சத்தத்தைப் பொறுத்துக்கொள். ஃபர்னஸ் ஃபில்டரை மாற்ற ஆளைக் கூப்பிடு, நீயே ஏறாதே. பரீட்சைக்கு முன்னால் டோனட் கடையில் ஷிஃப்டைக் குறைத்துக்கொள். மருத்துவமனைப் பயிற்சியில் முதல் நோயாளி இறந்துபோனதாகப் போனில் ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனாய். எனக்கு அப்படி ஒருவர் இறந்த நாளில் நான் வீட்டுக்கு வந்து உன்னைத்தான் மடியில் போட்டுக்கொண்டேன். நீ யாரிடம் போனாய் என்று கேட்க நினைத்தேன், லைன் போய்விட்டது.

நான் இங்கே சந்தோஷமாக இருக்கிறேன் என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் இருக்கிறேன். அதற்காக என் மேல் வருத்தப்படாதே. கோபம் வந்தால் வைத்துக்கொள்ளாமல் கொட்டிவிடு.

ஆண்டவரும் மாதாவும் உன் வாசலில் காவல் நிற்கட்டும். தினமும் போனில் சாப்பிட்டாயா, சாப்பிட்டாயா என்று அம்மா ஒன்றையே கேட்கிறாள் என்று அலுத்துக்கொள்ளாதே, என் கண்ணே. இவ்வளவு தூரத்திலிருந்து கையால் எட்டித் தொட முடியாதவள் வேறு என்னதான் கேட்பாள்? கேட்கும்போதெல்லாம் பதில் சொல்லு. என்ன சாப்பிட்டாய் என்பதையும் சேர்த்துச் சொல்லு.

உன்,
அம்மா